ஈரல் தரும் எச்சரிக்கை

குருதிப் பரிசோதனையில் ஈரல் நொதியம் கூடியுள்ளது என்றதும், "நான் குடிப்பதில்லையே!" என்று திகைப்போர் பலர். மது அருந்தாதோரின் ஈரலிலும் கொழுப்புப் படியும். ராகமையில் 35 முதல் 64 வயதினரிடையே நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இது காணப்பட்டது.

இத்தகையோரைப் பெரிதும் பலிகொள்வது ஈரல் நோயன்று, இருதய நோயே. ஜீ.ஜீ.ரி. என்னும் ஈரல் நொதியம் கூடியவர்களிடம் மாரடைப்பும் கூடுதலாகக் காணப்படுகிறது. நொதியம் குரைக்கும் நாய். கள்வரோ நீரிழிவு, உயர் குருதியமுக்கம், தொப்பைக் கொழுப்பு ஆகியவையே. நாய் குரைக்காமலும் கள்வர் நுழைவதுண்டு: நொதியம் சரியாயிருந்தும் ஈரலில் கொழுப்பு இருக்கலாம்.

எனவே, ஈரலுக்கு மட்டும் மருந்து தேடாது, சீனி, குருதியமுக்கம், கொலஸ்திரோல் மூன்றையும் சோதித்துக்கொள்ளுங்கள். உடல் நிறையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே ஈரலின் கொழுப்பும் குறையும்.