வெறும் வேரோடு வாங்கிய ஆர்க்கிட்டைத் தொட்டியில் வைப்பது எப்படி?

சுவா சூ காங்வாசிகள் ஆர்க்கிட் வாங்க வெகுதூரம் போகவேண்டாம். பக்கத்துச் சுங்கை தெங்காவிலேயே பண்ணைகள் உண்டு. தொட்டியில்லாமல் வெறும் வேரோடு கிடைக்கும் டென்ட்ரோபியம் வாடினாற்போல் தெரியும். கவலை வேண்டாம், மரக்கிளையைப் பற்றி வளரும் இனம் அது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் சிங்கப்பூரில், காற்றோட்டம் இல்லாமல் வேர் அழுகுவதுதான் அதற்குப் பெரிய ஆபத்து. கீழே சொல்லும் முறையின் நோக்கமெல்லாம் வேருக்குக் காற்று கிடைக்கச் செய்வதே.

1. ஊறவையுங்கள். வேரை 20 நிமிடம் தண்ணீரில் வையுங்கள். உயிருள்ள வேரின் வெள்ளை உறை நீரை உறிஞ்சிப் பச்சை காட்டும்.

2. வேரைக் கழியுங்கள். ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால், நிறம் எதுவானாலும் விட்டுவிடுங்கள். நசுங்கினால், அல்லது உள்ளே நார் மட்டும் மிஞ்சியிருந்தால் வெட்டுங்கள். கத்தரியை முதலில் நெருப்பில் காட்டி ஆறவிடுங்கள்; ஆர்க்கிட்டைத் தாக்கும் மொசைக் வைரஸ் செடிச்சாறு வழியாகவே பரவும். வெட்டிய முனையில் மட்டும் பட்டைத்தூள் தடவுங்கள். நல்ல வேரில் பட்டால் அதை உலர்த்திவிடும்.

3. தண்டில் கை வைக்காதீர்கள். இலை உதிர்ந்த பழைய தண்டில்தான் செடியின் உணவும் நீரும் சேமிப்பில் இருக்கின்றன. முற்றிலும் காய்ந்ததையும் அழுகியதையும் மட்டும் நீக்குங்கள். பூங்கொத்து இருந்தால் வெட்டிச் சாமிப் படத்துக்கு வையுங்கள். செடியின் சக்தி வேருக்குப் போகட்டும்.

4. தொட்டியை நிரப்புங்கள். வேர் அடங்கும் அளவு சிறிய மண்தொட்டி போதும். பக்கத்திலும் துளை இருந்தால் நல்லது. இரவு முழுதும் ஊறவைத்துக் கழுவிய அடுப்புக்கரித் துண்டும் உடைந்த செங்கல்லும் போடுங்கள். மண் கூடாது.

5. செடியை நிறுத்துங்கள். பழைய தண்டு தொட்டி விளிம்பை ஒட்டியும், புதுத் துளிர் நடுவை நோக்கியும் இருக்கட்டும். அடிப்பகுதி கரியின்மேல் உட்கார வேண்டும், புதையக்கூடாது. குச்சி நட்டு இறுகக் கட்டுங்கள். செடி ஆடினால் இளம் வேர்முனை தேய்ந்து உடையும்.

6. பொறுத்திருங்கள். நல்ல வெளிச்சமுள்ள நிழலில் வைத்து, காலையில் தண்ணீர் தெளியுங்கள். கரி உலர்ந்தபின் அடுத்த முறை. பச்சை வேர்முனை தெரியும்வரை உரம் வேண்டாம். தெரிந்தபின் 20-20-20 உரத்தை, பொட்டலத்தில் சொன்ன அளவில் கால்பங்கு கரைத்து வாரம் ஒருமுறை ஊற்றலாம்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். தேங்கும் நீரில் டெங்கிக் கொசு முட்டையிடும். வீவக தாழ்வாரத்தில் வைப்பதானால் வழியை அடைக்காதீர்கள்.

1981இல் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம் வாங்கியிருந்தால் இம்முறை பொருந்தாது. ஆக்னஸ் ஜோக்கிம் உருவாக்கி 1893இல் பதிவான அந்தக் கலப்பினம் முழு வெயிலில், கம்பைப் பற்றி ஏறிப் பூப்பது. டென்ட்ரோபியம் பூக்க, புதுத் தண்டு முற்ற வேண்டும். அதுவரை அவசரப்பட்டு உரத்தைக் கூட்டாமல், வேரைக் கவனியுங்கள்.