பியானோவில் எளிய கார்டுகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஒரு கார்டில் என்னென்ன சுரங்கள் உள்ளன என்பது ஒரு கேள்வி. அவற்றில் எவற்றை, எந்த ஸ்தாயியில், எந்த அடுக்கில் வைத்து வாசிப்பது என்பது வேறொரு கேள்வி. இந்த இரண்டாவதற்குப் பியானோ வாசிப்பவர்கள் வைத்திருக்கும் பெயர் வாய்சிங். நான்கைந்து சுரங்கள் உள்ள கார்டை இரண்டு மூன்று சுரங்களாகக் குறைத்து வாசிப்பது எளிய வாய்சிங். அதைச் சுற்றித்தான் தவறான நம்பிக்கைகள் அதிகம் வளர்ந்திருக்கின்றன.

மலேசியாவின் ஜொகூரில் இந்த நம்பிக்கைகள் இரண்டு பக்கத்திலிருந்து வருகின்றன. ஜொகூர் பாரு, ஸ்கூடாய், மாசாய், கூலாய் வட்டாரத் தமிழ்ப் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் கிரேடு தேர்வுக்காகப் பியானோ படிக்கிறார்கள். தாளில் அச்சிட்ட ஒவ்வொரு சுரமும் அவர்களுக்குக் கட்டளை. இன்னொரு பகுதியினர் தேவாலயத்திலும் பஜனையிலும் கல்யாண மேடையிலும் கீபோர்டு வாசித்தே கற்றவர்கள். கார்டின் பெயரைப் பார்த்ததும் முழுக் கையையும் இறக்குவது அவர்கள் பழக்கம். வழி வேறானாலும் சுரத்தைக் குறைத்தால் இசை குறைந்துவிடும் என்ற எண்ணத்தில் இரு தரப்பும் ஒன்றுதான்.

“எல்லாச் சுரமும் ஒலித்தால்தான் கார்டு முழுமை”

கார்டின் அடிசுரத்தைச் சட்ஜமாக வைத்துப் பார்த்தால், அதன் மூன்றாம் சுரம் காந்தாரம், ஐந்தாம் சுரம் பஞ்சமம், ஏழாம் சுரம் நிஷாதம். நான்குக்கும் ஒரே வேலை இல்லை. மேஜரா மைனரா என்று சொல்வது காந்தாரம். அமைதியாக நிற்கும் கார்டா, அடுத்த கார்டை நோக்கி இழுக்கும் கார்டா என்பதைப் பெரும்பாலும் நிஷாதம் காட்டிவிடுகிறது. பஞ்சமம் இரண்டையும் சொல்வதில்லை. அடிசுரம் ஒலிக்கும்போதே அதன் மேற்சுரங்களில் ஒன்றாக, ஒரு ஸ்தாயி மேலே, பஞ்சமம் மெல்லியதாக ஒலித்துக்கொண்டிருக்கும். அதனால் கார்டைக் குறைக்கும்போது முதலில் விடப்படுவது பஞ்சமம்.

அடுத்து விடக்கூடியது அடிசுரமே. இதைக் கேட்டதும் பலருக்கு நம்பிக்கை வராது. பாஸ் கிட்டார் ஒன்று உடன் இருந்தால் அடிசுரம் அங்கே ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. பியானோ அதையே திரும்பச் சொல்வதால் கூடும் லாபம் குறைவு. ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸ் அடிசுரம் இல்லாத இடக்கை வாய்சிங்கைத் தன் முத்திரையாகவே ஆக்கிக்கொண்டவர். மைல்ஸ் டேவிஸின் 1959ஆம் ஆண்டு இசைத்தட்டான ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் அவர் வாசிக்க, கீழே பால் சேம்பர்ஸின் பாஸ் நிற்கிறது. கவுண்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் 1937 முதல் 1987இல் இறக்கும்வரை கிட்டார் வாசித்த ஃப்ரெடி கிரீன் இன்னும் ஒரு படி போனவர். ஒரு கார்டுக்கு அவர் அழுத்திய சுரம் பல நேரம் இரண்டு, சில நேரம் ஒன்றே ஒன்று. அந்தக் குழுவின் ஒலி மெலிந்தது என்று யாரும் சொன்னதில்லை.

டி மைனர் செவன்த், ஜி செவன்த், சி மேஜர் செவன்த் என்ற வரிசை உலகமெங்கும் புழங்குவது. அதை முழுதாக வாசித்தால் பன்னிரண்டு சுரங்கள். காந்தாரமும் நிஷாதமும் மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டால் முதல் கார்டுக்கு எஃப்–சி, இரண்டாவதற்கு எஃப்–பி, மூன்றாவதற்கு இ–பி. முதல் மாற்றத்தில் சி அரைச்சுரம் இறங்கி பி ஆகிறது. அடுத்ததில் எஃப் அரைச்சுரம் இறங்கி இ ஆகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு விரல் பக்கத்துக் கட்டைக்கு நகர்ந்தால் போதும். பாஸில் டி, ஜி, சி ஒலிக்க, கேட்பவர் காதில் மூன்று கார்டும் பிசகில்லாமல் விழும்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. பஞ்சமம் தன் இயல்பான இடத்தில் இல்லாத கார்டுகளில், அதாவது டிமினிஷ்ட், ஆக்மென்டட் வகைகளில், கார்டின் அடையாளமே அந்த மாறிய பஞ்சமம்தான். அங்கே அதை விட்டால் கார்டு வேறாகிவிடும். அதேபோல் பாஸ் எதை வாசிக்கிறது என்று தெரியாமல் அடிசுரத்தை விடுவதும் ஆபத்து. ஜி செவன்த்தின் இதயமான பி–எஃப் ஜோடிதான் டி ஃபிளாட் செவன்த்தின் இதயமும். கீழே ஜி ஒலித்தால் ஒரு கார்டு, டி ஃபிளாட் ஒலித்தால் இன்னொன்று. ஜாஸ் கலைஞர்கள் இதை வேண்டுமென்றே பயன்படுத்துவார்கள். தெரியாமல் செய்தால் பாடகர்தான் தடுமாறுவார்.

“இடது கை எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு கனம்”

மேடைக் கீபோர்டுகளில் மிகுதியாகக் கேட்கும் தவறு இது. 61 கட்டைக் கீபோர்டின் இடது ஓரத்து சி வினாடிக்கு ஏறத்தாழ 65 அதிர்வுகள் கொண்டது. அதற்கு மேலுள்ள இ ஏறத்தாழ 82. இடைவெளி 17 அதிர்வுதான். இத்தனை நெருக்கமான இரு அதிர்வுகளைக் காது தனித்தனியாகப் பிரிக்க முடியாமல் ஒரு கரகரப்பாகக் கேட்கிறது. அதே இரண்டு சுரங்களை நடு சியில் வாசித்தால் 262, 330; இடைவெளி 68. தெளிவு வந்துவிடுகிறது. இந்தக் கரகரப்புக்கு அதிர்வுகளின் மோதலே காரணம் என்று ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் விரிவாக எழுதினார். காது ஒலிகளைப் பட்டைகளாகப் பிரித்துக் கேட்கும் விதத்தோடு அதை இணைத்து நெதர்லாந்தின் பிளோம்பும் லெவெல்ட்டும் 1965இல் விளக்கினார்கள்.

ஆக, கீழ் ஸ்தாயியில் மூன்று சுரக் கார்டை நெருக்கமாக அழுத்துவது கனம் அல்ல, கலங்கல். அங்கே ஒற்றைச் சுரம் அல்லது ஸ்தாயி ஜோடி போதும். பஞ்சமத்தை ஓரளவு சேர்க்கலாம். காந்தாரம் நடு சிக்கு அருகே ஏறி வந்துவிட வேண்டும். எதிரொலி மிகுந்த தேவாலயங்களிலும் ஓடுபதித்த கோயில் மண்டபங்களிலும் இந்த விதிக்கு இரட்டிப்பு மதிப்பு. பெடலை அழுத்தியபடியே வாசிப்பவருக்கும் அப்படித்தான்.

“அடிசுரம் அடியில் இல்லாவிட்டால் அது வேறு கார்டு”

சி–இ–ஜி, இ–ஜி–சி, ஜி–சி–இ மூன்றும் ஒரே கார்டின் திருப்பங்கள் என்பதைக் கோட்பாடாக நிறுவியவர் பிரெஞ்சு இசையறிஞர் ராமோ. அவருடைய ஒத்திசை நூல் வெளிவந்தது 1722இல். முந்நூறு ஆண்டுகள் கழிந்தும் ஒவ்வொரு கார்டுக்கும் கையைத் தூக்கித் தூக்கி அடிநிலையிலேயே இறக்கும் பழக்கம் போகவில்லை. சி மேஜரை சி–இ–ஜி என்று பிடித்தவர், எஃப் மேஜருக்கு சி–எஃப்–ஏ என்றும் ஜி மேஜருக்கு பி–டி–ஜி என்றும் போனால் கை இருந்த இடத்திலேயே இருக்கும். இந்தப் பழக்கம் வந்த பிறகு தாளம் தவறுவது தானாகக் குறையும், ஏனென்றால் தாளம் தவறுவதற்குப் பெரும்பாலும் காரணம் அந்தத் தாவல்தான். தனியாக வாசிக்கும்போது மட்டும் இடது கையின் கடைசிச் சுரத்தில் கவனம் தேவை: பஞ்சமம் அடியில் வந்த கார்டு நிலைகொள்ளாமல் மிதக்கும்; பாட்டை அதில் முடிக்க முடியாது.

“ஒரு விரல் கார்டும் எளிய வாய்சிங்கும் ஒன்றே”

இல்லை. காசியோ கீபோர்டுகளின் எளிய முறையில் ஒரு கட்டை மேஜர், அதனுடன் வலப்பக்கம் இன்னொரு கட்டை சேர்ந்தால் மைனர், மூன்று கட்டை செவன்த், நான்கு கட்டை மைனர் செவன்த். யமஹாவில் இடப்பக்கக் கறுப்புக் கட்டை சேர்ந்தால் மைனர், வெள்ளைக் கட்டை சேர்ந்தால் செவன்த். இவை கருவிக்குக் கொடுக்கும் சைகைகள். எந்தச் சுரம் எங்கே ஒலிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது கருவி. தாளத்தோடு பாடிப் பழக இது நல்ல துணை. ஆனால் அதே விரல்களோடு பியானோவில் உட்கார்ந்தால் மைனர் கார்டு என்று நினைத்தது இரண்டு பக்கத்துச் சுரங்களின் உரசலாகத்தான் கேட்கும். எளிய வாய்சிங்கில் தீர்மானம் வாசிப்பவருடையது.

“சுரத்தை விட்டால் தேர்வில் மதிப்பெண் போய்விடும்”

இதில் பாதி உண்மை. கிரேடு தேர்வுக்கான பாடல் எழுதப்பட்டபடியே வாசிக்கப்பட வேண்டும். வசதிக்காகச் சுரங்களை உதிர்ப்பதற்கு அங்கே இடமில்லை. ஆனால் 1889இல் லண்டனில் தொடங்கப்பட்ட ஏபிஆர்எஸ்எம் அமைப்பின் பியானோ பாடத்திட்டமே ஒரு சலுகை தருகிறது. கை எட்டாத அகலமான கார்டுகளைத் தேர்வர் ஒன்றன்பின் ஒன்றாகப் பரப்பி வாசிக்கலாம், அல்லது எட்டாத சுரத்தை விடலாம். விளைவு இசையாகத் திருப்தி தர வேண்டும் என்பதே நிபந்தனை. பெற்றோர் பலருக்கு இது எட்டவே இல்லை.

இந்தச் சலுகைக்குக் காரணம் உண்டு. பியானோவில் ஒரு ஸ்தாயியின் அகலம் ஏறத்தாழ 16.5 சென்டிமீட்டர், சியிலிருந்து அடுத்த ஸ்தாயியின் இ வரை 21 சென்டிமீட்டர். பத்து வயதுப் பிள்ளையின் கையை அதற்கு இழுத்துப் பழக்குவது தேவையற்றது மட்டுமல்ல, மணிக்கட்டுக்குத் தீங்கும்கூட. இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் பியானோ மேதைகளில் ஒருவரான ஜோசஃப் ஹோஃப்மனின் கை சிறியது. ஸ்டெயின்வே நிறுவனம் அவருக்காகக் கட்டைகளைச் சற்று ஒடுக்கிப் பியானோ செய்து தந்தது. அப்படிப்பட்ட பியானோ எல்லார் வீட்டுக்கும் வரப்போவதில்லை; எந்தச் சுரத்தை விடலாம் என்ற அறிவு வரலாம்.

“ராகப் பாட்டுக்குக் கார்டு ஒத்துவராது”

தமிழ் வாசிப்பாளருக்கு மிக முக்கியமான இடம் இது. ஒத்துவராதது கார்டு அல்ல. பழக்கத்தில் இறங்கும் முழுக் கார்டு. சியைச் சட்ஜமாக வைத்து மோகனத்தை எடுத்தால் அதன் சுரங்கள் சி, டி, இ, ஜி, ஏ. இவற்றுக்குள் அமையும் மூன்று சுரக் கார்டுகள் இரண்டே: சி மேஜர், ஏ மைனர். கை வழக்கம்போல் எஃப் மேஜருக்கும் ஜி மேஜருக்கும் போனால் மோகனத்தில் இல்லாத மத்யமமும் நிஷாதமும் நுழைந்துவிடும். ஜி வர வேண்டிய இடத்தில் ஜி–டி என்ற இரண்டு சுரம் மட்டும் வாசித்தால் இழுப்பும் கிடைக்கும், ராகமும் நிற்கும்.

கல்யாணியில் பிரதி மத்யமம், அதாவது எஃப் ஷார்ப். அங்கே எஃப் மேஜர் வந்த கணமே பாட்டு சங்கராபரணத்தின் பக்கம் சாய்கிறது. அதற்குப் பதில் ராகமே டி மேஜரைத் தருகிறது. ஹரிகாம்போஜியில் கைசிக நிஷாதம், அதாவது பி ஃபிளாட், என்பதால் பஞ்சமத்தின் மேல் அமைவது ஜி மைனர். பழகிய ஜி செவன்த்தைப் போட்டால் காகலி நிஷாதம் உள்ளே வரும். ஹிந்தோளம் இன்னும் கடினம். அதில் பஞ்சமமே இல்லை. சட்ஜத்தின் மேல் முழுக் கார்டு கட்டவே முடியாது. அதற்குள் உள்ளவை எஃப் மைனரும் ஏ ஃபிளாட் மேஜரும்தான். சட்ஜத்தில் நிற்க வேண்டுமானால் சி–இ ஃபிளாட் அல்லது சி–எஃப் என்ற இரட்டைச் சுரம்தான் வழி. இங்கே எளிய வாய்சிங்கைத் தவிர வேறு சரியான வாய்சிங் இல்லை.

கமகம் இன்னொரு காரணம். தோடியின் காந்தாரம் ஒரே இடத்தில் நிற்பதில்லை, அசைந்துகொண்டே இருக்கும். பாடகர் அதை அசைக்கும்போது பியானோ கீழே இ ஃபிளாட்டை நேராகப் பிடித்து நின்றால் இரண்டும் இடிக்கும். காந்தாரத்தை விட்டு சட்ஜம் மட்டும், அல்லது தம்புராவைப் போலச் சட்ஜ பஞ்சமம் மட்டும் வைத்தால் பாடகருக்கு அசைய இடம் கிடைக்கும். 1981இல் மலேசியாவில் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற இடங்களில் கர்நாடக இசையைக் கேட்டு வளரும் ஜொகூர் பிள்ளைகளுக்கு இந்த இடிப்பு சட்டென்று காதில் படும். அந்தக் காதை நம்பலாம். மேற்கத்திய இசைமேதை பாக்கையும் தியாகராஜரையும் ஒருசேர நினைத்து இளையராஜா 1986இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்?’ இசைத்தொகுப்பில் ராகமும் மேற்கத்திய ஒத்திசையும் சந்திப்பது பெரும்பாலும் தனித்தனி வரிகள் ஒன்றோடொன்று பின்னிச் செல்வதால்தான். கார்டுகளை அடுக்கி அங்கே போய்ச் சேர்ந்திருக்க முடியாது.

கடைசியாகச் சுருதி. சுருதிக் கணக்கில் ஒரு கட்டை என்றால் சி; ஐந்து கட்டை ஜி; ஐந்தரை ஜி ஷார்ப். ஆண்கள் பலர் ஒன்று, இரண்டு கட்டையில் பாட, பெண்கள் ஐந்து, ஐந்தரைக்குப் போவார்கள். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தான் சமாளித்துவிடும். மரப் பியானோவில் அது இல்லை. நான்கு சுரக் கார்டுகளை சியில் மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு ஐந்தரைக் கட்டை புதிய ஊர். காந்தாரம், நிஷாதம் என்ற இரண்டு சுர உறவைக் கையில் வைத்திருப்பவர் பன்னிரண்டு சுருதிக்கும் அதை நகர்த்த ஒவ்வொன்றிலும் இரண்டு கட்டைகளைத் தேடினால் போதும்.