உபகார ஏடு

மாலைதோறும் பிரதிக்கிரமணத்தில் நம் குற்றங்களை எண்ணுகிறோம். பெற்ற உபகாரங்களை எண்ணுகிறோமா? உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவுதலே இயல்பு என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. இவ்வாறு எழுதி வருவோரின் மனநலம் மேம்படுவதை எம்மன்ஸ், மெக்கல்லோ என்னும் அமெரிக்க உளவியலாளர் 2003இல் ஆய்ந்து வெளியிட்டனர். இரவில் ஓர் ஏட்டில் உதவியவர் பெயரையும் செயலையும் எழுதுவோம். ‘அனைவருக்கும் நன்றி’ என்றெழுதினால் அது ஆண்டுவிழா நன்றியுரையாகிவிடும்!

பிற்காலத்தில் சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராயிருந்த உ.வே. சாமிநாதையர், சிந்தாமணியின் சமணப் பொருளை விளக்கி உதவிய கும்பகோணம் சந்திரநாத செட்டியாரைத் தம் ‘என் சரித்திர’த்தில் பெயர் சுட்டி எழுதினார். அதனாலன்றோ அவரை நாம் அறிகிறோம்!

2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூரைத் தாக்கியபின், எங்கள் தெருவில் மின்கம்பம் நட்ட தொழிலாளருக்கு மோர் கொடுத்தோம், பெயர் கேட்கவில்லை. எங்கள் ஏட்டில் அவ்விடம் இன்றும் வெற்றாகவே இருக்கிறது.