எச்சமும் முடிபும்: தரவுத்தளத்தில் நிபந்தனைக் கோவை எழுதும் முறை

கணினியைப் பற்றிய கட்டுரையைத் தமிழாசிரியர் எழுதப் புகுவது பொருந்துமோவென அன்பர் சிலர் ஐயுறுதல் கூடும். ஆயின், இந்நாளிற் பாடசாலைகளின் வரவுப் பதிவும் புள்ளிப் பதிவும், பழைய மாணவர் சங்கங்களின் சந்தாக் கணக்கும் பல இடங்களிற் கணினித் தரவுத்தளங்களிலே பேணப்படுகின்றன. அவற்றைப் பேணுவோருட் பலர் கணினித் துறையில் வல்லுநர் அல்லர். வகுப்பாசிரியரும் அலுவலக எழுதுவினைஞரும் மேல்வகுப்பு மாணவருமேயாவர். அவர்கள் இடர்ப்படும் இடம் பெரும்பாலும் பொறியின் நுட்பம் அன்று. “இன்னதாயின் இன்னது” என்னும் வாக்கியத்தைக் குறைவின்றி அமைப்பதிலேயே இடர்ப்படுகின்றனர். வாக்கியம் அமைத்தல் மொழியாசிரியர்க்கு உரிய தொழிலாதலின், அது பற்றிச் சில கூறத் துணிந்தோம்.

நிபந்தனை என்னும் எச்சம்

தமிழிலே நிபந்தனைப் பொருளைத் தருவது “செயின்” என்னும் வாய்பாட்டு வினையெச்சம். தொல்காப்பியரும் நன்னூலாரும் அதனை வினையெச்ச வாய்பாடுகளுள் ஒன்றாக எண்ணியுள்ளனர். “செய்தால்” என்பது இக்கால வழக்கு. எச்சமாவது, தான் முற்றுப்பெறாது, தன்னை முடிக்குஞ் சொல்லை அவாவி நிற்பது. “மழை பெய்யின் நாற்று நடுவோம்” என்று கமக்காரர் ஒருவர் கூறினால், “நடுவோம்” என்னும் முற்று வந்து எச்சத்தை முடித்துவிடுகின்றது. மழை பெய்யாவிடின் யாது செய்வர் என்பதை அவர் கூறவில்லை. கேட்போர் அதனை இடம் நோக்கி உய்த்துணர்ந்து கொள்வர்.

கணினிக்கு அவ்வாறு உய்த்துணரும் ஆற்றல் இல்லை. ஆதலின் கணிப்பிற்கென எழுதும் நிபந்தனைக் கோவைக்கு மூன்று உறுப்புகள் வேண்டும். முதலாவது நிபந்தனை, இரண்டாவது அது மெய்யாயின் வரும் விளைவு, மூன்றாவது அது பொய்யாயின் வரும் விளைவு. தமிழ் வாக்கியத்திற் சொல்லாது விடத்தக்க மூன்றாம் உறுப்பே கோவையிற் பெரும்பாலும் பிழைக்கு இடமாகின்றது என்பதை மாணவர் மனத்திற் பதித்தல் வேண்டும்.

மைக்ரோசொப்ட் நிறுவனம் 1992 ஆம் ஆண்டில் வெளியிட்ட அக்சஸ் என்னும் மென்பொருளை உதாரணமாகக் கொள்வோம். அதில் தரவுகள் அட்டவணைகளாக வைக்கப்படும். அட்டவணையின் ஒவ்வொரு நிரையும் ஒரு பதிவு. ஒவ்வொரு நிரலும் ஒரு புலம். நிபந்தனைக் கணிப்பிற்கு அங்கே பயன்படும் சார்பின் பெயர் ஐஐஎஃப். அதன் வடிவம் வருமாறு:

ஐஐஎஃப்(நிபந்தனை, மெய்யாயின் விளைவு, பொய்யாயின் விளைவு)

சார்புகளின் பெயரை இக்கட்டுரையில் ஒலிப்பு நோக்கித் தமிழெழுத்தில் தந்துள்ளோம். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே பொறித்தல் வேண்டும். புலங்களுக்கோ தமிழ்ப் பெயரே இடலாம். சதுர அடைப்புக்குள் நிற்பவை புலப் பெயர்கள்.

இவ்வமைப்பின் வரலாறும் அறியத்தக்கது. அமெரிக்க அறிஞர் ஜோன் மக்கார்த்தி, 1950களின் பிற்பகுதியில் சதுரங்க ஆட்டத்திற்கான நிரலைப் போட்ரான் மொழியில் எழுதியபோது, அம்மொழியின் நிபந்தனைக் கூற்று கையாளுதற்கு இடராயிருக்கக் கண்டு, மூன்று உறுப்புடைய சார்பொன்றைத் தாமே ஆக்கினார். ஆயின் அச்சார்பு, ஒரு விளைவே வேண்டப்படும்போதும் இரண்டு விளைவையும் முன்னரே கணித்தது. அக்குறையை நீக்க முயன்றதிலிருந்தே, வேண்டிய கிளையை மட்டும் கணிக்கும் நிபந்தனைக் கோவை என்னுங் கருத்துப் பிறந்தது. அக்சஸோடு வரும் விபிஏ நிரல்மொழியில் ஐஐஎஃப் இன்றும் இரு கிளையையும் கணிக்கின்றது. பரீட்சை எழுதிய பாடங்களின் தொகை 0 ஆயின் சராசரி வேண்டாமென விலக்கி எழுதினாலும், அங்கே 0 ஆல் வகுத்த வழு தோன்றுதல் அதனாலேயாம். அவ்விடத்து ஐஐஎஃப் சார்பை விடுத்து, இஃப், தென், எல்ஸ் என்னுங் கூற்றுகளால் எழுதுதல் தக்கது.

வரிசையின் வலிமை

ஒரு கல்லூரி தன் தவணைப் பரீட்சைக்கு 75 புள்ளியும் மேலும் ஏ, 65 இலிருந்து பீ, 50 இலிருந்து சீ, 35 இலிருந்து எஸ், அதனிற் குறைந்தது டபிள்யூ எனத் தரம் வகுத்திருப்பதாகக் கொள்வோம். கோவை இவ்வாறு அமையும்:

ஐஐஎஃப்([புள்ளி]>=75, "ஏ", ஐஐஎஃப்([புள்ளி]>=65, "பீ", ஐஐஎஃப்([புள்ளி]>=50, "சீ", ஐஐஎஃப்([புள்ளி]>=35, "எஸ்", "டபிள்யூ"))))

இங்கே முதல் நிபந்தனை பொய்யாகுமிடத்து மூன்றாம் உறுப்பாக நிற்பது மற்றொரு நிபந்தனைக் கோவை. 68 புள்ளி பெற்ற மாணவன் முதல் வாயிலிலே தடுக்கப்பட்டு, இரண்டாம் வாயிலாற் புகுந்து பீ பெறுகின்றான். அவன் 75 இற்குக் குறைந்தவன் என்பதை இரண்டாம் நிபந்தனையில் மீண்டும் எழுத வேண்டுவதில்லை. வரிசையே அதனை உணர்த்திவிடுகின்றது.

அவ்வரிசையைத் தலைகீழாக்கி, 35 என்னும் நிபந்தனையை முதலில் வைப்பின் நிகழ்வது யாது? 82 புள்ளியும் 35 இனும் மேற்பட்டதேயாதலின் அதற்கும் எஸ் தரமே கிடைக்கும். கணினி வழு எதனையும் அறிவியாது. ஒவ்வொரு நிபந்தனையும் தனித்தனியே சரியானது. எனினும் வகுப்பில் 35 புள்ளியும் மேலும் பெற்றோர் அனைவரும் ஒரே தரத்தினர் ஆவர். ஆகவே, “இதனினும் மேல்” என்னும் நிபந்தனைகளை உயர்ந்த எல்லையிலிருந்து தாழ்ந்த எல்லைக்கு இறங்கும் முறையிலே எழுதுக.

மற்றொரு பிழை இடைவெளி விடுவது. 65 முதல் 74 வரை பீ, 75 முதல் 100 வரை ஏ என ஈரெல்லையும் குறித்து எழுதுவோர் உளர். முழு எண்களுக்கு அது போதும். சராசரி கணித்து 74.5 வந்தால் அம்மாணவன் ஈரெல்லைக்கும் இடையில் அகப்பட்டுத் தன் தரத்தை இழப்பான். மேலே காட்டிய கோவையில் அவ்விடைவெளி இல்லை.

கோவை உட்கோவையாக நீளுமிடத்து அடைப்புக்குறிகளை எண்ணுதலே தனி வேலையாகிவிடும். அக்சஸில் சுவிச் என்னுஞ் சார்பும், பைல்மேக்கர் என்னும் மென்பொருளிற் கேஸ் என்னுஞ் சார்பும் நிபந்தனையும் விளைவுமாகிய இணைகளை ஒரே நிரையில் எழுத இடந்தருகின்றன. இரண்டிலும் முதலில் மெய்யாகும் நிபந்தனையின் விளைவே கிடைக்கும். எந்த நிபந்தனையும் மெய்யாகாவிடின் சுவிச் வெறுமையையே தரும் என்பதையும் மறவற்க.

வெற்றிடமும் பூச்சியமும்

இனி, இக்கட்டுரையின் முதன்மையான பொருளுக்கு வருவோம். பரீட்சைக்குச் சமுகமளியாத மாணவனின் புள்ளிப் புலத்தில் எதுவும் எழுதப்படுவதில்லை. அவ்வெற்றிடத்தைத் தரவுத்தள நூலார் நல் என்பர். நாம் வெறுமை எனலாம். வெறுமை பூச்சியம் அன்று. பூச்சியம் என்பது, எழுதினான், புள்ளி பெறவில்லை என்னும் செய்தி. வெறுமை என்பது செய்தி இன்மை. தொடர்புத் தரவுத்தளக் கொள்கையை 1970 ஆம் ஆண்டில் வெளியிட்ட எட்கர் கொட், 1979 ஆம் ஆண்டின் ஆய்வுரையில் இவ்வின்மையை விரிவாக ஆராய்ந்தார். அவர் காட்டிய வழியில் மெய், பொய் என்னும் இரண்டோடு “அறியப்படாதது” என மூன்றாவதொன்றும் உண்டு. வெறுமையை 35 உடன் ஒப்பிட்டால் விடை மெய்யுமன்று, பொய்யுமன்று; அறியப்படாததே.

ஆனால் ஐஐஎஃப் சார்புக்கு இரண்டு கிளைகளே உள. நிபந்தனை மெய்யென நிறுவப்படாதவிடத்து அது பொய்யின் கிளையிற் செல்லும். இதனால் விளைவதைக் காண்க:

ஐஐஎஃப்([புள்ளி]>=35, "சித்தி", "சித்தியின்மை")

ஐஐஎஃப்([புள்ளி]<35, "சித்தியின்மை", "சித்தி")

இவ்விரண்டும் ஒரு பொருளனவென்றே எவரும் கூறுவர். புள்ளி பெற்ற மாணவர் அனைவருக்கும் இரண்டும் ஒரே விடையைத் தருகின்றன. சமுகமளியாதவனுக்கோ முதற்கோவை “சித்தியின்மை” என்றும், இரண்டாங் கோவை “சித்தி” என்றும் தீர்ப்புக் கூறுகின்றன. காய்ச்சலாற் படுக்கையிற் கிடந்த பிள்ளையை முதலாவது தண்டிக்கின்றது. பரீட்சை மண்டபத்தை எட்டியும் பாராதவனை இரண்டாவது பாராட்டுகின்றது. இரண்டும் அநீதியே. எழுதியவர் இவற்றுள் எதனையும் கருதினாரல்லர்; சமுகமளியாதவனை அவர் நினையாதுவிட்டதே காரணம்.

சராசரியிலும் இவ்வாறே. மூன்று தவணைகளில் ஒரு மாணவன் 68, 72 என இரு புள்ளிகள் பெற்று, மூன்றாந் தவணையில் வரவில்லை என்க. மூன்று புலங்களையும் கூட்டற் குறியாற் கூட்டினால் அக்சஸ் தரும் விடை வெறுமை. அவன் பெயருக்கு எதிரே ஒன்றும் இராது. என்சட் என்னுஞ் சார்பால் வெறுமையைப் பூச்சியமாக மாற்றிக் கூட்டி 3 ஆல் வகுத்தால் விடை ஏறக்குறைய 46.7. எழுதிய இரண்டையும் கூட்டி 2 ஆல் வகுத்தால் 70. உதவு தொகை பெறுதற்கு 65 வேண்டுமென விதி இருப்பின், ஒரு கணிப்பு அவனுக்குக் கொடுக்கின்றது, மற்றொன்று மறுக்கின்றது. எது சரி? அதனைக் கணினி கூறாது. நோயால் வராதவனை எவ்வாறு நோக்குவது, காரணமின்றி வராதவனை எவ்வாறு நோக்குவது என்பதை அதிபரும் ஆசிரியருங் கூடித் தீர்மானித்தல் வேண்டும். தீர்மானித்த பின்னரே கோவை எழுதப்படல் வேண்டும்.

ஆதலால் வெறுமையை வினவும் நிபந்தனையே முதல் வாயிலாக நிற்றல் நன்று:

ஐஐஎஃப்(இஸ்நல்([புள்ளி]), "சமுகமில்லை", ஐஐஎஃப்([புள்ளி]>=35, "சித்தி", "சித்தியின்மை"))

இவ்வாறு எழுதியவிடத்து வராதவன் வராதவனாகவே காட்டப்படுகின்றான். அவனைப் பற்றி முடிவு செய்வது மனிதர் கையிலே விடப்படுகின்றது.

உம்மையும் எதிர்மறையும்

நிபந்தனைகள் இரண்டைச் சேர்ப்பதிலும் மொழியுணர்ச்சி வேண்டும். “தமிழிலும் கணிதத்திலும் சித்தியடைந்தோர்” என்னும் உம்மை, அன்ட் என்னும் இணைப்பாலே குறிக்கப்படும்; “தமிழிலேனும் கணிதத்திலேனும்” என்பது ஓர் என்பதாற் குறிக்கப்படும். எதிர்மறை வந்தவுடன் இடர் தோன்றுகின்றது. “தமிழிலும் கணிதத்திலும் சித்தியடையாதோருக்கு மாலை வகுப்பு” என அறிவித்தல் எழுதினால், இரண்டிலும் தவறியவர்க்கா, ஒன்றிலேனும் தவறியவர்க்கா? தமிழில் 60 உம் கணிதத்தில் 20 உம் பெற்றவன் முதற் பொருளில் வகுப்பிற்கு உரியனல்லன். இரண்டாம் பொருளில் உரியன்.

இதனைத் தெளிவிக்கும் விதியொன்றுக்கு டி மோர்கன் விதி என்று பெயர். அகஸ்டஸ் டி மோர்கன் 1806 ஆம் ஆண்டில் மதுரையிற் பிறந்து, பின் இலண்டனிற் கணிதப் பேராசிரியராய் விளங்கியவர். “இரண்டும் உண்டு” என்பதன் மறுப்பு “ஒன்றேனும் இல்லை” என்பதே. “ஒன்றேனும் உண்டு” என்பதன் மறுப்பு “இரண்டும் இல்லை” என்பதே என அவ்விதி கூறும். ஒன்றிலேனும் தவறியவரைச் சேர்ப்பதே நோக்கமாயின் நிபந்தனை வருமாறு:

[தமிழ்]<35 ஓர் [கணிதம்]<35

ஓர் இருக்குமிடத்தில் அன்ட் எழுதிவிடின், உதவி வேண்டிய பிள்ளைகள் சிலர் பட்டியலுக்கு வெளியே நிற்பர். இங்கும் வெறுமையை முன்னர்க் கூறியவாறு தனியே நோக்குக.

மாணவர்க்கு ஒரு முறை

கோவை எழுத விரும்பும் மாணவர், முதலில் விதியைத் தாளிலே தமிழ் வாக்கியமாக எழுதுக. ஒவ்வோர் “ஆயின்” என்பதற்கும் ஓர் “அன்றாயின்” உண்டோவெனப் பார்க்க. பின்னர்க் கோவையாக்கி, உண்மைத் தரவைத் தொடுமுன், 75, 74.5, 65, 50, 35, 34, 0, வெறுமை என்னும் எட்டையும் மாதிரி அட்டவணையில் இட்டுச் சோதிக்க. எட்டுக்கும் வரவேண்டிய விடையை முன்னரே கையால் எழுதி வைத்து ஒப்பிடுக. எல்லையெண்களும் பூச்சியமும் வெறுமையும் சரியாயின் இடைப்பட்டவை பெரும்பாலும் சரியாயிருக்கும். தர எல்லைகள் ஆண்டுக்காண்டு மாறக்கூடுமாயின், அவற்றைக் கோவைக்குட் புதையாது, ஆண்டைக் குறித்த தனி அட்டவணையில் வைக்க. அன்றேல் இவ்வாண்டு எல்லையை மாற்றியவுடன் சென்ற ஆண்டுகளின் தரங்களும் மாறித் தோன்றும்.

முற்காலத்திற் புள்ளிப் புத்தகத்தை ஆசிரியர் கையால் எழுதியபோது, வெற்றிடத்தைக் கண்டதும் அந்தப் பிள்ளையின் முகம் அவர் நினைவுக்கு வரும். ஏன் வரவில்லை என்று விசாரிப்பார். கணினி ஆயிரம் பெயர்களை ஒரு நொடியிற் கணித்துவிடும்; ஒரு முகத்தையும் அது நினையாது. அவ்வாயிரவரையும் முன்கூட்டியே நினைத்தல் கோவை எழுதுவோர் கடன். எச்சத்திற்கு முடிபு தேடிக் கொடுப்பது இலக்கண மாணவனுக்குப் பழகிய பயிற்சி. அப்பயிற்சியோடு கணினியின் முன் அமர்வோர், விடுபடும் பிள்ளை எவனும் இல்லாதவாறு தம் வாக்கியத்தை முடிப்பாராக.