சொந்த சர்வரில் நம்ம புரோகிராம்: ஓர் அனுபவப் பாடம்

புராஜெக்ட் முடிந்ததும் நாம் என்ன செய்கிறோம்? லேபில் ஓட்டிக் காட்டுகிறோம், மார்க் வாங்குகிறோம், அத்தோடு சரி. அதை நாலு பேர் செல்போனில் திறந்து பார்க்கணும்னா ராப்பகலா ஓடுகிற சர்வர் ஒன்று வேண்டும். ஹெரோக்கு நிறுவனம் பல வருடம் இதை இலவசமாகவே தந்து வந்தது. 2022 நவம்பர் 28-ல் இருந்து அந்த இலவசத் திட்டம் நின்றுபோனது. நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, 1 ஜி.பி. மெமரி உள்ள சின்ன சர்வர் ஒன்றை மாத வாடகைக்கு எடுத்து, உபுண்டு போட்டு, அதன்மேல் டோக்குவை நிறுவினோம்.

டோக்கு ஒரு திறந்த மூல மென்பொருள். 2013-ல் ஜெஃப் லிண்ட்சே எழுதியது. ஆரம்பத்தில் ஏறக்குறைய 100 வரி பாஷ் ஸ்கிரிப்ட்தான்! அதே வருடம் வெளிவந்த டாக்கரின் மேல்தான் இது நிற்கிறது.

வேலை செய்யும் விதம் எளிது. சர்வரில் நம் புரோகிராமுக்கு ஒரு பெயர் கொடுக்க வேண்டும். நம் கம்ப்யூட்டரிலிருந்து 'கிட் புஷ்' கொடுத்தால் கோடு அங்கே போய்ச் சேரும். ரெக்கொயர்மென்ட்ஸ் ஃபைல் இருந்தால் பைத்தான், பேக்கேஜ் ஜேசன் இருந்தால் நோட் என்று டோக்குவே கண்டுபிடித்து, வேண்டிய லைப்ரரிகளை இறக்கி, ஒரு கன்டெய்னருக்குள் புரோகிராமை ஓடவிடும். கன்டெய்னரை ஹாஸ்டல் ரூம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நிற்கும் வாட்ச்மேன்தான் எஞ்சின்எக்ஸ். வருகிறவரிடம் யாரைப் பார்க்கணும்னு கேட்டு, சரியான ரூமுக்கு அனுப்புவார். அதனால் ஒரே சர்வரில் எங்கள் மூவரின் புரோகிராமும் ஓடுகிறது.

மறுபடி புஷ் செய்தால் புது ரூம் தயாராகும். அது ஒழுங்காக ஓடுகிறதா என்று சில விநாடி பார்த்துவிட்டு, வாட்ச்மேன் ஆட்களைப் புது ரூமுக்குத் திருப்புவார். சுமார் ஒரு நிமிடத்தில் பழைய ரூம் காலி. உள்ளே விட்டுவந்த சாமான்களும் அதோடு போச்சு! நான் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

எங்கள் அம்மா களையெடுக்கப் போகிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய மகளிர் குழுவில் 12 பேர். வாரம் 50 ரூபாய் சேமிப்பு, உள்கடன், வட்டி எல்லாம் நான்தான் எட்டாம் வகுப்பிலிருந்து நோட்டில் எழுதி வந்தேன். பாலிடெக்னிக் படிக்கிற பெருமையில் அதையே புரோகிராமாகச் செய்து டோக்குவில் ஏற்றி, "இனிமே நோட்டு வேணாம்மா" என்று சொல்லிவிட்டேன். கணக்கு எல்லாம் எஸ்கியூலைட் ஃபைலில், அதாவது ரூமுக்குள்ளேயே இருந்தது. ஏழு வாரம் நன்றாக ஓடியது. ஒருநாள் தலைப்பில் இருந்த எழுத்துப் பிழையைத் திருத்திப் புஷ் செய்தேன். திறந்து பார்த்தால் எல்லார் கணக்கிலும் சைபர்!

எனக்குக் கை கால் ஓடவில்லை. அம்மாவிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி வந்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்திலும் பேனாக் கோடுகள். "கோடு குறைஞ்ச வாரத்துல யாரு குடுக்கலைன்னு எனக்குத் தெரியும், எழுது" என்றார். பன்னிரண்டு பேரையும் உட்கார வைத்து ஒரு ராத்திரி முழுக்க எழுதினோம். 200 ரூபாய்க் கடன் ஒன்று மட்டும் திருப்பிக் கொடுத்ததா இல்லையா என்று முடிவாகவில்லை. அம்மா தன் கூலியிலிருந்து கட்டிவிட்டார்.

இப்போது செய்திருப்பது இதுதான். டோக்குவுக்கு போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் பிளக்-இன் உண்டு. அதை உருவாக்கி நம் புரோகிராமோடு இணைத்துவிட்டால் கணக்கு ரூமுக்கு வெளியே, சர்வரின் டிஸ்க்கில் இருக்கும். எத்தனை புஷ் செய்தாலும் அசையாது. போட்டோ போன்ற ஃபைல்களுக்கு 'ஸ்டோரேஜ் மவுன்ட்' என்று தனி வழி இருக்கிறது. தினமும் ராத்திரி கிரான் மூலம் ஒரு நகல் எடுத்து வேறொரு கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறேன். நகல் எடுத்தால் மட்டும் போதாது, திருப்பிப் போட்டும் பார்க்கணும். நான் எடுத்த முதல் நகல் வெறும் காலி ஃபைல்!

பூட்டுச் சின்னத்துக்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது. எங்களுக்குக் கிடைத்தது 90 நாளுக்கு. தானாகப் புதுப்பிக்கும் கிரான் வேலையையும் அன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.

செய்து பார்க்க ஆசைப்படும் ஜூனியர்கள் சனிக்கிழமை லேபுக்கு வரலாம். எங்கள் சர்வரில் இன்னும் இரண்டு சின்ன புரோகிராமுக்கு இடமிருக்கிறது. குழு நோட்டும் ஞாயிறுதோறும் திரும்ப எழுதப்படுகிறது, அம்மாவின் உத்தரவு.