தவணைப் படிவத்தில் யார் கையெழுத்திடுவது?

அன்புள்ள தம்பிக்கு,

சொத்து வரி நிலுவையைத் தவணையில் வசூலிக்க நீங்கள் எழுதிய திட்ட வரைவை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். வருவாய்ப் பிரிவுக்குப் புதிதாக வரும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று பதிலைப் பொதுக் கடிதமாகவே எழுதுகிறேன். அரையாண்டுக் கணக்கு, கேட்பு வசூல் நிலுவைப் பட்டியல், முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை, தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. ஆகவே என்னை எரிச்சலூட்டிய இடத்துக்கே நேராக வருகிறேன்.

மூன்றாம் பக்கத்தில், வரிவிதிப்புப் பதிவேட்டில் பெயருள்ளவர் மட்டுமே தவணைக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறீர்கள். அதற்குக் கீழேயே, நிலுவையில் கால் பங்கை முன்பணமாகக் கட்ட வேண்டும் என்கிறீர்கள். இந்த இரண்டு வரிகளும் மீதமுள்ள பதினைந்து பக்கங்களையும் வீணாக்கிவிடும்.

முதலில் பெயர். பழைய வார்டுகளின் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். வீடு தாத்தா பெயரில் இருக்கும். அவர் காலமாகி இருபது ஆண்டு ஆகியிருக்கும். பிள்ளைகளில் ஒருவர் மட்டும் அங்கே குடியிருப்பார், மற்றவர்கள் வெளியூரில். பாகப்பிரிவினை நடக்கவில்லை, வாரிசுச் சான்றிதழும் வாங்கவில்லை. அங்கே குடியிருப்பவர் பெயர் மாற்றம் கேட்டு வந்தால், நிலுவையை முதலில் கட்டச் சொல்லி அனுப்புகிறோம். தவணை கேட்டு வந்தால், பெயரை முதலில் மாற்றச் சொல்கிறது உங்கள் வரைவு. அந்தக் குடும்பம் வேறு எங்கே போகும்? என் பணிக்காலம் முழுக்க நான் சலிக்காமல் சொல்லிவந்தது இதைத்தான்: நிலுவைப் பட்டியலில் ஆண்டாண்டாக நகராமல் கிடக்கும் வீடுகளில் பாதிச் சிக்கல் பணத்தில் இல்லை, பெயரில் இருக்கிறது.

பின்னிணைப்பில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தை எடுத்துக்காட்டியிருக்கிறீர்கள். ஆனால் அந்தத் திட்டத்தின் உயிரான பகுதியை விட்டுவிட்டீர்கள். 2013-இல் அந்த நகரம் கொண்டுவந்த தவணை ஒப்பந்தம், சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கானது. பத்திரத்தில் பெயர் இல்லாவிட்டாலும், இறந்தவரின் வாரிசாக அந்த வீட்டில் வாழ்கிறேன் என்று காட்ட முடிந்தவரும் அதில் சேரலாம். அந்த நகரில் 10,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் பத்திரத்தில் ஒரு பெயர், குடியிருப்பது இன்னொருவர் என்ற சிக்கல் இருப்பதாகப் பியூ அறக்கட்டளை 2021-இல் கணக்கிட்டது. நம் ஊர்ச் சிக்கல்தான் அங்கேயும். தவணைத் தொகையையும் அவர்கள் நிலுவையின் அளவைப் பார்த்து மட்டும் முடிவு செய்வதில்லை. குடும்ப வருமானத்தைப் பார்க்கிறார்கள். பெயர் இல்லாதவரிடம் வரி வாங்கினால் வீட்டுரிமையே கொடுத்ததாகிவிடுமோ என்ற பயமும் வேண்டாம். வரி கட்டிய ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது என்பது நம் நீதிமன்றங்கள் பலமுறை சொன்னது. அதை ரசீதிலேயே அச்சடித்துவிட்டால், குடியிருப்பவரிடம் தவணை வாங்க நாம் ஏன் அஞ்ச வேண்டும்?

அடுத்தது முன்பணம். அரையாண்டு வரி 1,500 ரூபாய், 12 அரையாண்டு நிலுவை என்று வையுங்கள். வட்டியை விட்டுவிட்டாலே 18,000. உங்கள் விதிப்படி முதல் நாளே 4,500 கட்ட வேண்டும். அரையாண்டுக்கு 1,500 புரட்ட முடியாமல் நின்ற குடும்பம் 4,500-ஐ எங்கே புரட்டும்? கந்துவட்டிக்கு வாங்கும், இல்லை, விண்ணப்பிக்கவே வராது. மேலும், தவணை ஓடும்போதே நடப்பு அரையாண்டுக் கேட்பும் வந்து விழும். வரைவில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. நிலுவைத் தவணையைக் கட்டியவர் நடப்பு வரியைக் கட்ட முடியாமல் புதிதாக நிலுவை வைப்பார். இரண்டையும் ஒன்றாகச் சேருங்கள். முன்பணம் இல்லாமல் 24 மாதம் கொடுத்தால், நிலுவை 18,000, இரண்டு ஆண்டின் நடப்பு வரி 6,000, ஆக 24,000. மாதம் 1,000 ரூபாய். முடியும்போது, வட்டி நீங்கலாக, அந்த வீட்டின் கணக்கில் ஒரு ரூபாய் பாக்கி இருக்காது.

அடுத்தது, தவணை கட்டும் நாள். நான் பணிக்குச் சேர்ந்தது ஒரு விசைத்தறி ஊரில். அங்கே மூத்த பில் கலெக்டர் ஒருவர் இருந்தார். மார்ச் மாதத்தில் மற்றவர்கள் ஜப்தி நோட்டீசும் தண்டோராவுமாகத் தெருத்தெருவாக அலைவார்கள். அவர் ஆண்டு முழுக்கச் சனிக்கிழமை மாலைகளில் மட்டும் ஒரு சுற்று வருவார். தறிக்காரர்களுக்குக் கூலி கைக்கு வரும் நாள் அது. யார் வீட்டில் சீர்வரிசைச் செலவு, யார் வீட்டில் பள்ளிக் கட்டணம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். வாங்கிய தொகை சிறியதானாலும் ரசீதை வாசலிலேயே எழுதிக் கொடுப்பார். அவர் வார்டில் மார்ச் கடைசியில் ஜப்திக்குப் போக வேண்டியதே இருக்காது. அவரைப் பார்த்துத்தான், பணம் இருக்கும் நாளில் போய்க் கேட்பதே வசூல் என்று நான் கற்றேன். உங்கள் வரைவு ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதியைக் கெடுவாக வைக்கிறது. அது மாதச் சம்பளக்காரருக்குப் பொருந்தும். வாரக்கூலிக்காரருக்கு வாரத் தவணை வையுங்கள்.

இன்னொன்றையும் திருத்துங்கள். கல்யாண மண்டபத்துக்கும் வணிக வளாகத்துக்கும் இதே தவணையைத் திறந்துவிடாதீர்கள். கையில் பணம் வைத்துக்கொண்டு கட்டாதவருக்குச் சலுகை கொடுத்தால், வரிசையில் நின்று ஒழுங்காகக் கட்டுகிறவர் நம்மை ஒருநாளும் மன்னிக்க மாட்டார். அங்கே ஜப்தியே சரி.

இவ்வளவும் சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு பக்கத்துக்காக உங்களை மனதாரக் கொண்டாடுகிறேன். ஒரு தெருவில் வீடுவீடாகப் போய், ஏன் கட்டவில்லை என்று கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறீர்களே, அப்படி ஒரு பக்கத்தை என் பணிக்காலத்தில் எந்தக் கோப்பிலும் நான் கண்டதில்லை. நகராட்சி நிர்வாகத்தில் பயிற்சி பெறும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய பக்கம் அது. அந்தப் பக்கத்தை எழுதிய கை, மூன்றாம் பக்கத்து விதிகளை எழுதியிருக்கக் கூடாது.

ஆணையரின் மேசைக்குக் கோப்பு போகும் முன் அந்த விதியை இப்படி மாற்றுங்கள்: பதிவேட்டில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த வீட்டில் குடியிருக்கும் வாரிசு முன்பணமின்றித் தவணையில் சேரலாம், தவணை முடிந்ததும் பெயர் மாற்றத்துக்கு நகராட்சியே உதவும். இதை மட்டும் செய்யுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற நகராட்சி வருவாய் அலுவலர் ஒருவர்