அனுப்பும் அஞ்சலுக்கு அடையாளம் எதற்கு?



அஞ்சல் தடையின்றி வந்து சேரும் கணக்கிலிருந்து ஓர் அஞ்சலைக்கூட அனுப்ப இயலாமல் போவது ஏன் என்னும் வினா எளியதாகத் தோன்றினும், விடையளிப்போர் பலரை அது தவறான வழிக்கு இழுத்துவிடுகிறது. பாதுகாப்பு அமைப்பை அணைத்துவிட்டு மீண்டும் முயலுமாறு கூறுவதே வழக்கமான விடை. இதைவிடத் தீங்கான அறிவுரை இத்துறையில் அரிது. கோளாறின் வேர், பெறுவதற்காக ஒருமுறை கொடுத்த கடவுச்சொல் அனுப்புவதற்கும் தானாகவே போதும் என்னும் நம்பிக்கையில் உள்ளது. அந்நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று அறியாமல் அமைப்புகளை மாற்றிப் பார்ப்பதால் பயனில்லை.

பாப், ஐமேப் ஆகிய பெறும் நெறிமுறைகள் எவருடைய பெட்டியைத் திறப்பது என்று அறியாமல் செயல்பட இயலாதவை. ஆகவே கடவுச்சொல் கேட்பது அவற்றின் இயல்பு. அனுப்பும் நெறிமுறையான எஸ்.எம்.டி.பி.க்கு அவ்வியல்பு தொடக்கத்தில் இல்லை. ஜொனாதன் போஸ்டல் 1982 ஆகஸ்டில் எழுதிய ஆர்.எஃப்.சி. 821, அனுப்புநர் முகவரியை அறிவிக்கச் சொல்கிறதேயன்றி அதை மெய்ப்பிக்குமாறு எவ்விடத்தும் கேட்பதில்லை. (இணைய நெறிமுறைகளை வகுத்துரைக்கும் ஆவண வரிசையே ஆர்.எஃப்.சி. எனப்படுவது, அவ்வரிசையைத் தொடக்க நாள்தொட்டுப் பதிப்பித்து வந்தவரும் போஸ்டலே.) அறிமுகமான ஆய்வு நிறுவனங்களே வலையமைப்பில் இருந்த காலத்தில், யார் கொடுத்த அஞ்சலையும் வாங்கி உரிய இடத்துக்குக் கடத்திவிடுவது வழங்கிகளுக்கிடையே நிலவிய நல்லொழுக்கமாகக் கருதப்பட்டது.

வணிக விளம்பரக் குப்பையஞ்சல் பெருகியபோது அந்நல்லொழுக்கமே தீமைக்குத் துணையாயிற்று. இவ்வாறு யாவருக்கும் கடத்தித் தரும் வழங்கி ‘திறந்த ரிலே’ எனப்பட்டது. அதை மூடுவதற்கு இணையச் சேவை நிறுவனங்கள் இரண்டு இடைக்கால உத்திகளைக் கையாண்டன. முதலாவது, இணைப்பின் ஐ.பி. எண்ணை நோக்கி, அது தம் வாடிக்கையாளருடையதாக இருப்பின் கடவுச்சொல் இன்றியே அஞ்சலை ஏற்பது. இரண்டாவது, ‘எஸ்.எம்.டி.பி.க்கு முன் பாப்’ என்பது: ஒருவர் கடவுச்சொல் கொடுத்துத் தம் பெட்டியைத் திறந்து பார்த்தால், அவருடைய ஐ.பி. எண்ணை வழங்கி சிறிது நேரம் நினைவில் வைத்து, அதுவரை அங்கிருந்து அனுப்பவும் இசையும். இன்று நிலவும் தவறான நம்பிக்கை இவ்விரண்டாம் உத்தியின் எச்சம் என்று கொள்வதே பொருந்தும். அஞ்சல் போகவில்லை என்றால் முதலில் வந்த அஞ்சலைப் பார்த்துவிட்டு அனுப்புமாறு மூத்த பயனர்கள் இன்றும் கூறுவதற்கு வேறு விளக்கம் இல்லை. வீட்டிலிருந்து போன அஞ்சல் வெளியூர் விடுதியிலிருந்து போகாததற்கு முதல் உத்தியே காரணமாக இருந்தது. வழங்கி அடையாளம் கண்டது ஓர் இணைப்பையேயன்றி ஒரு மனிதரை அன்று என்பதே இவ்விரண்டிலிருந்தும் பெறப்படும் பாடம்.

1998 டிசம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 2476, பயனர் தம் வழங்கியிடம் அஞ்சலை ஒப்படைக்கும் பணியை வழங்கிகள் தமக்குள் கடத்தும் பணியிலிருந்து பிரித்து, அதற்கு 587 என்னும் தனிப் போர்ட்டை ஒதுக்கியது. 1999 மார்ச்சில் வந்த ஆர்.எஃப்.சி. 2554, அனுப்புவதற்கு முன் பயனர் தம்மை மெய்ப்பிக்கும் கட்டளையை எஸ்.எம்.டி.பி.யில் சேர்த்தது. ஆகவே அனுப்பும் வழங்கிக்கு வழங்கியின் பெயர், போர்ட், இணைப்புப் பாதுகாப்பு, மெய்ப்பிக்கும் முறை, பயனர்பெயர் ஆகிய ஐந்தும் தனியே தேவை. அவுட்லுக் என்னும் அஞ்சல் செயலியின் பழைய வடிவங்களில், அனுப்பும் வழங்கிக்கு அடையாளம் தேவை என்று குறிக்கும் கட்டம் ‘கூடுதல் அமைப்புகள்’ என்பதன் உட்பக்கத்தில் ஒளிந்திருக்கும். தண்டர்பேர்ட் என்னும் செயலியிலோ, கணக்குகள் அனைத்துக்கும் கீழே அனுப்பும் வழங்கிகளுக்கென ஒரு தனிப்பகுதியே உண்டு.

போர்ட்டையும் பாதுகாப்பையும் இணைத்தே நோக்குக. 587 எனில் ஸ்டார்ட் டி.எல்.எஸ்., அதாவது வெளிப்படையாகத் தொடங்கிய உரையாடல் இடையில் மறையாக்கத்துக்கு மாறும் முறை. 465 எனில் முதல் எழுத்திலிருந்தே மறையாக்கம். பின்னதை 2018இல் வெளியான ஆர்.எஃப்.சி. 8314 பரிந்துரைக்கிறது. 25 என்பது வழங்கிகள் தமக்குள் பேசுவதற்குரியது. வீட்டு இணைப்புகளில் அது பெரும்பாலும் தடுக்கப்பட்டிருக்கும்.

மெய்ப்பிக்கும் முறையைத் தெரிவு செய்யுமிடத்தில் பெயரைக் கண்டு மயங்கற்க. தண்டர்பேர்டில் ‘மறையாக்கப்பட்ட கடவுச்சொல்’ என்னும் தெரிவு பாதுகாப்பானது போல் தோன்றினும், அது குறிப்பது கிராம்-எம்.டி.5 என்னும் 1990களின் முறையை. பல வழங்கிகள் அதை ஏற்பதில்லை. ‘சாதாரணக் கடவுச்சொல்’ என்பதோ, டி.எல்.எஸ். என்னும் மறையாக்க இணைப்புக்குள் செல்லும்போது போதிய காப்புடையது, டி.எல்.எஸ். இல்லாதபோது கடவுச்சொல் பேஸ்64 வடிவில் மட்டுமே செல்லும். பேஸ்64 என்பது மூன்று பைட்டுகளை நான்கு எழுத்துகளாக மாற்றி எழுதும் முறை; திறவுகோல் ஏதுமின்றி எவரும் அதைத் திருப்பி எழுதிவிடலாம். அதனை மறையாக்கம் என்று எழுதுவோரின் நூலை மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

கடவுச்சொல் சரியாக இருந்தும் மறுக்கப்படுவதற்கு இக்காலத்தில் வேறொரு காரணமும் உண்டு. ஜிமெயில் 2022 மே மாத இறுதியிலிருந்து, தனிப்பட்ட கணக்குகளின் வழக்கமான கடவுச்சொல்லை இத்தகைய செயலிகளிடமிருந்து ஏற்பதில்லை. அங்கு ஓஆத்2 முறையைத் தெரிவு செய்தால், கடவுச்சொல்லை உலாவிச் சாளரத்தில் கொடுத்து, செயலிக்கு ஓர் அனுமதிச் சீட்டு மட்டும் பெறலாம்; அன்றேல் ஈரடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துள்ள செயலிக் கடவுச்சொல் ஒன்றைப் பெறலாம்.

இத்தனையும் பயனரை அவருடைய வழங்கிக்கு மெய்ப்பிப்பவை. அனுப்பும் டொமைனைப் பெறுநரின் வழங்கிக்கு மெய்ப்பிக்கும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். ஆகியன டொமைன் உரிமையாளர் அமைக்க வேண்டியவை, மேசைச் செயலியில் தேடத்தக்கவை அல்ல.

ஆகவே எதையும் மாற்றுமுன் பிழைச்செய்தியின் எண்ணை நோக்குக. 530 எனில் அடையாளம் கேட்கப்பட்டும் கொடுக்கப்படவில்லை. 535 எனில் கொடுத்த அடையாளம் ஏற்கப்படவில்லை. ரிலே மறுக்கப்பட்டது என்னும் சொல்லுடன் 550 அல்லது 554 வருமாயின், பெரும்பாலும் அடையாளமின்றிப் பிறருக்குக் கடத்துமாறு வழங்கியிடம் கேட்கப்பட்டிருக்கிறது. இம்மூன்றில் எதற்கும் பாதுகாப்பை அணைப்பது மருந்தன்று.